பழைய காருக்குப் புதிய வயரிங்: நான்கு வழிகளும் ஒரு தெரிவும்

பழைய மொறிஸ் மைனரையோ ஒஸ்டின் கேம்பிரிட்ஜையோ வாங்கி, துருப்பிடித்த தகடுகளை வெட்டி மாற்றி, புது நிறம் அடித்து, அதற்குள் ஏசி, ரேடியேற்றர் விசிறி, பவர் ஷட்டர், ரிவர்ஸ் கமரா, போன் சார்ஜர் என்று இக்காலத்து வசதிகளையும் பொருத்தி ஓட விரும்புகிறவர்கள் கொழும்பில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இன் தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், வீட்டில் மூடிக் கிடந்த பழைய காரைச் செப்பனிட்டு ஓட்டினால் என்ன என்ற எண்ணம் இன்னும் பலருக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

இத்தகைய வேலைகளில் பணத்தின் பெரும்பகுதி காரின் பொடிக்கும் பெயின்டுக்கும் எஞ்சினுக்கும் போய்விடுகிறது. வயரிங்கோ கடைசியில் மிஞ்சிய பணத்தில், மிஞ்சிய நாட்களில், “எரிந்தால் போதும்தானே” என்ற மனநிலையில் முடிக்கப்படுகிறது. வயரிங்குக்கு இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம் என்றாலும், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காரோடு பிறந்த வேலைகளுக்கு ஒரு வயரிங், நாம் சேர்க்கும் வசதிகளுக்கு இன்னொரு வயரிங் என்று இரண்டையும் பிரித்து வைப்பதே பெரும்பாலானோருக்குப் பொருந்தும். எந்த வகை வயரிங் கட்டு என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் அம்பியர் கணக்கு

மைனரின் பிற்கால மாதிரிகளில் உள்ள லூகாஸ் சீ40 டைனமோ ஆகக் கூடியது 22 அம்பியர் தரும். இரவில், மழையில் ஓடும் ஒரு காரின் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 55 வாட் ஹலோஜன் பல்புகள் இரண்டுக்கு ஏறத்தாழ 9 அம்பியர், பார்க் லைட், பின் விளக்குகள், நம்பர் பிளேட் விளக்கு, மீற்றர் பல்புகள் எல்லாவற்றுக்கும் இரண்டரை, இக்னிஷன் கொயிலுக்கும் பெற்றோல் பம்பிற்கும் நான்கு அல்லது ஐந்து, வைப்பருக்கு மூன்று. எதையும் புதிதாகச் சேர்க்காமலே 19 அம்பியரைத் தொட்டுவிட்டோம். பிரேக் மிதித்தால் 21 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து இன்னுமொரு மூன்றரை அம்பியரை இழுக்கும். இதன் மேல் ஏசியை வைத்தால் புளோவருக்கு எட்டு முதல் பத்து, கண்டென்சர் விசிறிக்கு அதே அளவு, கம்பிரசர் கிளச்சுக்கு மூன்று நான்கு என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தம் 40 அம்பியரைத் தாண்டுகிறது.

இந்த 22 அம்பியரும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது மட்டுமே கிடைப்பது. ஐடிலில் டைனமோ அநேகமாக எதையும் தருவதில்லை. சார்ஜ் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருப்பது அதனால்தான். இங்கிலாந்தின் கிராமச் சாலையில் அது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. மாலை ஐந்தரை மணிக்குப் பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதியில் ஊர்ந்து போகும் காரிலோ, விளக்கும் வைப்பரும் விசிறியும் முழுக்க முழுக்க பற்றரியிலிருந்தே இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஏசி உண்டு என்று தீர்மானித்த நிமிடத்திலேயே டைனமோவுக்கு விடைகொடுத்தாக வேண்டும். ஏசி வேண்டாம், ஒரு விசிறியும் சார்ஜரும் நல்ல ஹெட் லைட்டும் போதும் என்பவர்களுக்கு டைனமோவின் இடத்தில் வரும் புதிய வகை மின்னாக்கியான லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டனேற்றர் தரும் 34 அம்பியரோ 17ஏசிஆர் தரும் 36 அம்பியரோ போதுமானது. ஏசி வைப்பவர்கள், சிறிய ஜப்பான் கார் ஒன்றிலிருந்து கழற்றிய, 50 அம்பியருக்குக் குறையாத ஆல்டனேற்றரைப் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடுவது நல்லது. பிராக்கெட்டை மட்டும் கடைசல் பட்டறையில் செய்வித்துக்கொள்ளலாம்.

ஆல்டனேற்றரை மாற்றுகிற பலர் அதிலிருந்து பற்றரிக்குப் போகும் பழுப்பு நிற வயரை மாற்றுவதில்லை. அந்தக் காலத்து வயர்களில் 44/0.30 (0.30 மில்லிமீற்றர் இழைகள் 44) என்ற அளவு 27.5 அம்பியருக்கானது, அதாவது டைனமோவுக்குப் போதுமானது. 50 அம்பியர் ஆல்டனேற்றரின் பின்னால் அதையே விட்டுவைத்தால், பற்றரி இறங்கியிருக்கும் ஒரு காலையில் டாஷ்போர்டின் பின்னாலிருந்து புகை வரும். 6 சதுர மில்லிமீற்றர் தின்வோல் (மெல்லிய உறை) வயரை நேராகப் போடுவதும், முழு மின்னோட்டமும் தன் வழியே போகக் கேட்கும் பழைய அம்பியர் மீற்றரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வோல்ட் மீற்றரை வைப்பதும் இதற்குத் தீர்வு.

நான்கு வழிகள்

முதல் வழி, இருக்கும் வயரிங் கட்டையே திருத்துவது. செலவு குறைவு, காரின் இயல்பு மாறாது என்பவை இதற்குச் சாதகமானவை. ஆனால் 1950களின் கார்களில் பருத்தி நூல் உறையின் உள்ளே இருப்பது ரப்பர். டாஷ்போர்டின் கீழ் கட்டை மெதுவாக வளைத்துப் பார்த்தால், உறை நன்றாக இருக்கும்போதே உள்ளிருந்து கறுப்புத் தூள் கொட்டும். செப்பு இழைகள் வெறுமையாகவே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும். பிற்காலத்துப் பிவிசி வயர்கள் அந்த அளவுக்கு மோசமில்லை. என்றாலும் முன் கிறிலுக்குப் பின்னால் உள்ள புல்லட் கனெக்டர்களைக் கழற்றினால் பித்தளை மேல் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைக் காணலாம். கடற்காற்று அடிக்கும் இந்நகரில், குறிப்பாகக் கடற்கரையோரம் நிறுத்தப்பட்டு வந்த காரில், களிம்பு கனெக்டரோடு நிற்பதில்லை. செப்பு இழைகளின் வழியே உறைக்குள்ளும் ஏறி வயரைக் கறுப்பாக்கிவிடுகிறது. இப்படிக் கறுத்த வயரில் ஈயமும் ஒட்டாது, லக்கும் (வயர் முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) பிடிக்காது. கட்டு பிவிசியாகவும் செம்பு சிவப்பாகவும் இருந்து, நீங்கள் சேர்ப்பது மிகக் குறைவாகவும் இருந்தால் மட்டுமே இவ்வழி சரி.

இரண்டாவது, அசல் வடிவத்திலேயே புதிதாகச் செய்யப்பட்ட வயரிங் கட்டை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பது. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய பிறகு, இது கசக்கும் விலைதான். தபால் செலவும் தீர்வையும் அதன் மேல் வரும். இருந்தும் இதன் பெறுமதி வயர்களின் நிறத்தில் இருக்கிறது. பழுப்பு என்றால் பற்றரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன் திறந்தபின் வருவது, பச்சை அதே இக்னிஷன் வழி பியூஸ் ஊடாக வருவது, ஊதா எப்போதும் உயிருள்ளதும் பியூஸ் ஊடானதும், சிவப்பு பார்க் லைட், நீலம் ஹெட் லைட், கறுப்பு ஏர்த் (பொடி வழியே பற்றரிக்குத் திரும்பும் பாதை) என்ற லூகாஸ் ஒழுங்கு அதில் அப்படியே இருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து வேறொரு வயரிங் பாஸ் அந்தக் காரைத் திறந்தாலும், கையேட்டில் உள்ள படத்தை வைத்தே பிழையைத் தேடிவிடுவார். ஓடர் கொடுக்கும்போது டைனமோவுக்கா ஆல்டனேற்றருக்கா, வலப்பக்க ஸ்டியரிங்கா, பிளிங்கர் தனி விளக்கா என்பனவற்றைச் சொல்ல வேண்டும். இவற்றுக்கு ஏற்பக் கட்டு வேறுபடும்.

மூன்றாவது, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பான் காரின் ஹானஸை (வயரிங் கட்டை) முழுதாக வாங்கி இதற்குள் ஏற்றுவது. மலிவு என்று பலர் மயங்குவது இங்கேதான். வயரும் கனெக்டரும் முதல் தரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஹானஸின் பெரும்பகுதி எஞ்சின் கொம்பியூட்டருக்கும் எயார்பேக்கிற்கும் சென்சர்களுக்கும் போகும் மெல்லிய வயர்கள். அவற்றை இனங்கண்டு வெட்டி நீக்கி, மிஞ்சியவற்றை மைனரின் அளவுக்கு நீட்டிக் குறைத்து முடிக்கும்போது, கட்டின் ஒவ்வோர் இரண்டு அடிக்கும் ஓர் ஒட்டு இருக்கும். ஒட்டு கூடிய வயரிங்கில் பிழை எங்கே என்று தேடுவது வயலில் ஊசி தேடுவது. அந்த ஜப்பான் காரின் எஞ்சினையே இதில் வைக்கிறீர்கள் என்றால் எஞ்சின் பகுதி ஹானஸ் கட்டாயம் வேண்டும். அது வேறு கதை. மற்றவர்களுக்கு நான் சொல்வது, ஹானஸை விட்டுவிட்டு அதன் பியூஸ் பெட்டியை மட்டும், மூடியோடும் ரிலேக்களோடும் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சுகள்), ஒவ்வொரு வயரும் ஓர் அடி நீளம் மிஞ்சும்படி வெட்டித் தரச் சொல்லி வாங்குங்கள் என்பதுதான். கீழே சொல்லப்போகும் இரண்டாவது வயரிங்குக்கு இதைவிட நல்ல பெட்டி புதிதாக வாங்கினாலும் கிடைப்பது அரிது.

நான்காவது, எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவது. அமெரிக்க வழக்கத்திலான பொதுக் கிற்களை வரவழைத்தால், ஒவ்வொரு வயரின் உறை மீதும் அது எங்கே போக வேண்டும் என்பது அச்சடிக்கப்பட்டிருக்கும், நீளமும் தாராளம். நம்மூர்க் கராஜில் கட்டுவித்தால் நினைத்தபடி செய்விக்கலாம், செலவும் இரண்டாவது வழியைவிடக் குறையலாம். குறை என்னவென்றால், அந்த வயரிங்கின் படம் கட்டியவரின் தலைக்குள் மட்டுமே இருக்கும். ஒரே சிவப்பு வயரை வைத்து முழுக் காரையும் முடித்த வேலைகளும் உண்டு. எஞ்சின், கியர்பெட்டி, மீற்றர் பலகை எல்லாமே மாறிவிட்ட காருக்கு, அசல் வடிவக் கட்டில் பாதி பயன்படாது என்பதால், இந்த வழியே நியாயமானது. வயர் வாங்குமுன் படம் வரையப்பட வேண்டும் என்பதும், அந்தப் படத்தின் பிரதி உங்களிடம் தரப்பட வேண்டும் என்பதும் பேச்சின் முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.

இரண்டாவது வயரிங்

மைனரின் பியூஸ் பலகையில் இருப்பவை இரண்டே பியூஸ்கள்: ஒன்று எப்போதும் உயிருள்ள ஹோன் போன்றவற்றுக்கு, மற்றது இக்னிஷன் வழி வருவனவற்றுக்கு. ஹெட் லைட்டுக்குப் பியூஸே கிடையாது. அந்த 35 அம்பியர் கண்ணாடிப் பியூஸ் தொடர்ந்து தாங்குவது அதில் பாதியளவைத்தான். 35 என்பது உருகும் அளவு. இதன் பச்சை வயரில் விசிறியையும் புளோவரையும் கொக்கி போட்டு எடுப்பதுதான் நம்மிடம் அதிகம் நடக்கும் தவறான வேலை. அப்படிச் செய்த பிறகு பியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய பியூஸ் போடுவார்கள். பியூஸ் இருப்பது விசிறியைக் காக்க அல்ல, வயரைக் காக்க. 8.75 அம்பியருக்கான 14/0.30 வயரின் தலையில் 35 அம்பியர் பியூஸ் இருந்தால், முதலில் உருகப்போவது வயர்.

எனவே பற்றரியிலிருந்தே ஒரு தடித்த வயர், பற்றரியின் அருகிலேயே ஒரு பெரிய பியூஸ், அங்கிருந்து தனிப் பியூஸ் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ரிலே. பழைய வயரிங்கிலிருந்து இதற்குத் தேவைப்படுவது, ரிலேக்களை எழுப்பும் ஒரேயொரு பச்சை வயர் மட்டுமே. ஒரு ரிலேயின் கொயில் அம்பியரில் பத்தில் ஒன்றோ இரண்டோதான் இழுக்கும். ரிலேயின் 30 ஆம் முனைக்குப் பெட்டியிலிருந்து வருவதும், 87 இலிருந்து விசிறிக்குப் போவதும், 85, 86 இரண்டும் கொயிலுக்கு என்பதும் பெரும்பாலான வாகன ரிலேக்களில் பொது. ஹெட் லைட்டையும் இந்தப் பக்கம் கொண்டுவருவது, கொடுத்த காசுக்கு உடனே கண்ணுக்குத் தெரியும் பலன் தரும் வேலை. 1 சதுர மில்லிமீற்றர் வயரில் சுவிட்சையும் டிப்பரையும் சுற்றி ஐந்து மீற்றர் போகும் 9 அம்பியர், வழியிலேயே 0.8 வோல்ட் அளவை இழந்துவிடும். களிம்பேறிய இணைப்புகளின் இழப்பு அதற்கு மேலதிகம். இழை பல்புகளில் மின்னழுத்தம் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது வீதம் அளவு குறையும். புதுப் பல்பு வாங்கியும் விளக்கு மங்கல் என்று குறைப்படுவோரில் பலருக்கு வேண்டியது இரண்டு ரிலேக்களே.

வயர் வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். வீட்டு வயரிங்குக்கான 1/1.13 ஒற்றைக் கம்பி வயரும் 7/0.67 வயரும் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். ஆனால் அவை சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்கானவை, எஞ்சினின் அதிர்வில் முனையோடு முறிந்துவிடும். கார் ஓடியோவுக்கென்று விற்கும் மலிவான தடித்த வயர்களில் சிலவற்றின் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையை எடுத்துப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு, வெளியே சிவந்து உள்ளே வெளுத்திருந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். வெளியே வெள்ளியாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, உப்புக் காற்றுக்கு எல்லாவற்றிலும் நல்லது.

ஈயம் வைப்பதா, லக்கை நசுக்கிப் பொருத்துவதா என்ற வாதத்தில் நான் இரண்டாவது பக்கம். ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி நிற்கும் இடத்தில் வயர் விறைத்து, அந்த எல்லையிலேயே முறிகிறது. ஆனால் நசுக்குவது என்றால் அதற்கான ராட்செட் கருவியால், குறடால் அல்ல. மேலே உட்பசை உள்ள வெப்பச் சுருங்குறை.

ஏர்த்தும் துருவமும்

புதிதாக நிறம் அடித்த பொடி, மின்சாரத்துக்கு நல்ல சுவர். எபொக்சி பிறைமரும் பெயின்டும் ஏறிய தகட்டில் திருகிய ஏர்த், திருகின் புரிகளால் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். எனவே முன்னே ஒன்று, டாஷ்போர்டின் பின்னே ஒன்று, டிக்கியில் ஒன்று என்று ஏர்த் போல்ட்களை வைத்து, அவற்றைத் தடித்த வயரால் பற்றரியோடு இணைத்துவிடுவது நல்லது. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான பட்டையை மறந்த கார்களில், ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகத் திரும்பி, அந்தக் கேபிள் சூடாகிப் புகையும்.

இந்த பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பொசிற்றிவ் முனை பொடியோடு இணைக்கப்பட்டவை. அதை அப்படியே வைத்துக்கொண்டு போன் சார்ஜரையோ புதிய ரேடியோவையோ பொருத்தப் போனால், ரேடியோவின் உலோகப் பெட்டி நெகற்றிவ், காரின் பொடி பொசிற்றிவ். திருகை இறுக்கிய கணத்தில் ஷோர்ட். சார்ஜருக்குத் தலைகீழாகச் சப்ளை போய் அது அழியும். இலத்திரனியல் கருவி ஒன்றாவது வைப்பதென்றால் நெகற்றிவ் ஏர்த்துக்கு மாறிவிடுங்கள்: பற்றரி லக்குகளை மாற்றி, கொயிலின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றி, டைனமோவை வைத்திருப்பவர்கள் அதன் எஃப் (ஃபீல்ட்) முனையைப் பற்றரியின் உயிர் முனையோடு ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். நிலைக்காந்தம் உள்ள புளோவர் மோட்டார் திசைமாறிச் சுற்றும். அதன் இரண்டு வயர்களையும் மாற்றிவிடலாம். பெற்றோல் பம்ப் இலத்திரனியல் வகைக்கு மாற்றப்பட்டதா என்பதை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனை

எந்த வழியைத் தெரிந்தாலும், ஒவ்வொரு கருவியும் காரில் ஏறுமுன் மேசை மேல் சோதிக்கப்பட வேண்டும். ஓடும்போது 8 அம்பியர் இழுக்கும் விசிறி, தொடங்கும் கணத்தில் அதன் இரண்டு மூன்று மடங்கை இழுக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரால் அளந்த பிறகே பியூஸ் அளவைத் தீர்மானிக்க வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிளாம்ப் மீற்றர் வாங்குகிறவர்கள், அது நேரோட்டத்தையும் அளக்குமா என்று கேட்டு, கடையிலேயே ஒரு பற்றரியில் பார்த்து வாங்கட்டும். மலிவானவற்றில் பல ஆடலோட்டத்தை மட்டுமே அளக்கின்றன. காருக்கு அவை உதவா.

வயரிங் முடிந்ததும் பற்றரியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. பற்றரி வயரில் 12 வோல்ட் 21 வாட் பிளிங்கர் பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்பு முழுவதும் எரியும், அதற்கு மேல் எதுவும் நடக்காது; ஏனெனில் அந்தப் பல்பின் வழியே 1.75 அம்பியருக்கு மேல் போக முடியாது. எல்லாம் அணைத்திருக்கும்போது பல்பு எரியாமல், ஒவ்வொரு சுவிட்சாகப் போடப் போட மங்கலாகவோ பிரகாசமாகவோ எரிந்தால், ஒவ்வொன்றின் இயல்பும் தெரியவரும். கராஜில் இதைச் செய்ய மறுத்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்தது மின்னழுத்த இழப்பு. எஞ்சின் ஓட, விளக்கும் விசிறியும் புளோவரும் முழுவதும் வேலை செய்ய, மல்டிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ்விலும் மறுமுனையை ஒவ்வொரு கருவியின் ஏர்த்திலும் வைத்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. உயிர்ப் பக்கம் 0.5 வரை பொறுக்கலாம். சும்மா இருக்கும் வயரில் மல்டிமீற்றரின் பீப் ஒலி கேட்பதை வைத்து நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, ஒரேயொரு இழையில் தொங்கும் வயரிலும் பீப் கேட்கும். அதே நிலையில் பற்றரியின் இரண்டு முனைகளுக்கும் இடையே 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால், ஆரம்பத்தில் போட்ட அம்பியர் கணக்குச் சரி. எஞ்சினை ஐடிலுக்கு இறக்கி மீண்டும் பாருங்கள். காலி வீதியில் கார் இருக்கப்போவது அந்த நிலையில்தான்.

மே மாதத் தென்மேல் பருவமழைக்கு முன் ஹோஸ் பைப்பால் கண்ணாடிக்குக் கீழேயும் கதவு விளிம்புகளிலும் தண்ணீர் அடித்து, டாஷ்போர்டின் கீழ் பெட்டி நனைகிறதா என்று பார்த்துவிட வேண்டும். கடைசியாக, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பற்றரி வயரில் மீற்றரைத் தொடராகப் போட்டு, ஓய்வில் எவ்வளவு கசிகிறது என்று அளவுங்கள். 50 மில்லி அம்பியர் என்பது நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி. ஓடாமல் நிற்கும் காரின் 40 அம்பியர் மணிப் பற்றரி இரண்டரை வாரத்தில் பாதியாகிவிடும். நினைவு வைத்திருக்கும் ரேடியோவும் அலாரமும் இருந்தால் இந்த அளவை ஒட்டி வருவது வழமை. இவை எதுவும் இல்லாத காரில் மீற்றர் பூச்சியத்தை விட்டு நகர்ந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, எதைக் கழற்றியபோது விழுந்ததோ அந்தச் சுற்றில் தேடுங்கள். பெரும்பாலும் அது இக்னிஷன் வழி எடுக்காமல் நேராக எடுத்த சார்ஜர் சொக்கட்டாகவே இருக்கும்.